வகுப்பில் நல்ல மார்க், கடையில் ஒரு வார்த்தை வரவில்லை: ஆர்வம் இல்லையா, பேச விடுகிற ஆள் இல்லையா?

வடலி (மொன்றியல்)

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவை வைத்து ஒரு கேள்வி. கனடாவின் பிரெஞ்சு மாகாணமான கியூபெக்கில், எங்கள் மொன்றியல் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன், கோட் டெ நேஜ் பக்கம் இருக்கிற எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே கதைதான் என்பதால் பொதுவில் கேட்கிறேன்.

அக்கா அரசாங்கம் இலவசமாக நடத்தும் பிரெஞ்சு வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறார். வீட்டுப்பாடம் முடிக்காமல் படுக்க மாட்டார். சோதனை வைத்தால் வகுப்பில் முதல் நாலைந்து பேருக்குள் வந்துவிடுவார். அதே அக்கா மருந்துக்கடைக்குப் போனால் வாய் திறக்க மாட்டார், "நீ கேளடா" என்று மகனை முன்னால் தள்ளிவிடுவார். அத்தான் சொல்வது, "அவவுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை, இருந்திருந்தால் இவ்வளவு காலத்தில் கதைக்க வந்திருக்கும்." எனக்கு இந்தப் பேச்சைக் கேட்கவே பிடிக்கவில்லை. ஆர்வம் இல்லாதவர் இந்த ஊர் தை மாதக் குளிரில், பனிக்குள் பஸ்ஸுக்குக் காத்து நின்று வகுப்புக்குப் போவாரா?

நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பேக்கரியில் வரிசையில் நிற்கும்போதே அக்கா வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்டருக்கு வந்ததும் முழு வசனமாக, பிழை இல்லாமல், பிரெஞ்சில் கேட்டார். அங்கே நின்ற பெண் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பாள். அக்கா மிச்சத்தை ஆங்கிலத்திலேயே, அதுவும் பிரெஞ்சை விடக் குறைவாகத் தெரிந்த ஆங்கிலத்தில், திக்கித் திக்கி முடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு அக்கா என்னோடு வருவதில்லை.

வளர்ந்த பிறகு இன்னொரு மொழி படித்தவர்கள் சொல்லுங்கள். உங்களுக்குப் பேச்சு எங்கே திறந்தது? வகுப்பிலா, வேலையிலா, வீட்டிலா? எது அடைத்தது?

சேலத்துக்காரன் (ஸ்டுட்கார்ட்)

நண்பா, நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜெர்மன் மொழி மேல் தனிப் பிரியம் எல்லாம் கிடையாது. நர்ஸிங் முடித்தேன், இங்கே ஆள் தேவை என்றார்கள், பி2 என்ற நிலைக்கு மொழிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள், படித்தேன். அதற்கு கோயத்தே நிறுவனம் நடத்துகிற ஜெர்மன் தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். ஒன்றில் போனால் அந்த ஒன்றை மறுபடி எழுதலாம், ஆனால் அதற்கும் பணம் கட்ட வேண்டுமே. வீட்டில் கடன் வாங்கித்தான் வகுப்பில் சேர்ந்தேன். அந்தக் கடன் காலையில் நாலு மணிக்கு எழுப்பிவிடும், அலாரம் தேவைப்படவில்லை.

இங்கே வந்த பிறகு வார்டில் வேறு மாதிரி. வயதான நோயாளிகள் ஸ்வேபியம் என்கிற இந்தப் பக்கத்து வட்டாரப் பேச்சில்தான் பேசுவார்கள், நான் சென்னையில் படித்த ஜெர்மனுக்கும் அதற்கும் ரொம்ப தூரம். ஆனால் வலி எங்கே என்று கேட்டுத்தானே ஆகணும், தப்பாகப் புரிந்துகொண்டால் மருந்து தப்பாகப் போகும். கேட்டுக் கேட்டுப் பழகியது.

அதனால் என் கருத்து, உங்க அக்காவுக்கு இன்னும் கட்டாயம் வரவில்லை. பக்கத்தில் மகன் இருக்கான், அவன் கேட்டுச் சொல்லிவிடுகிறான். கொஞ்ச நாள் அவனை அனுப்பாதீங்க.

புதியவன்

நானும் இந்த இழையைத் தொடர்கிறேன். நான் ஓஸ்லோவில் இருக்கிறேன். இங்கேயும் நார்வேஜியனில் ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஆங்கிலம் தெரிந்த ஊரில் உள்ளூர் மொழியைப் பழகுவது தனிப் போராட்டம்.

பாளை டீச்சர்

வடலி தம்பி, இந்தக் கேள்வி மாண்ட்ரியலில் இருந்து வருவது எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது. பி.எட். கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் முறை பற்றி வகுப்பு எடுத்தவள் நான். இரண்டாம் மொழி கற்பதில் ஆர்வத்தின் பங்கு பற்றி நாங்கள் நடத்துகிற பாடம் பெரும்பாலும் தொடங்குவதே உங்கள் ஊரில்தான். மெக்கில் பல்கலைக்கழகத்தில் வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளரும் ராபர்ட் கார்ட்னரும், அங்கே பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்த 75 ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை, பதினோராம் வகுப்புக்காரர்களை, சோதித்துப் பார்த்து 1959ல் கட்டுரை எழுதினார்கள். மொழி சிலருக்கு வரும் சிலருக்கு வராது, எல்லாம் தலையெழுத்து என்று நம் ஊரிலும் பேசுவோம் இல்லையா, அதை அவர்கள் எண்களை வைத்துப் பார்த்தார்கள். மொழித்திறன் ஒரு பக்கம் இருக்கிறது, அதோடு ஒட்டாமல் தனியாக இன்னொன்று இருக்கிறது, அது அந்த மொழிக்காரர்களைப் பற்றி மனதில் இருக்கிற எண்ணமும் கற்கும் ஆசையும் சேர்ந்தது என்று கண்டார்கள். பிரெஞ்சுக்காரர்களோடு நெருங்கிப் பழக வேண்டும் என்று படித்த பிள்ளைகள், வேலைக்கு உதவும் என்று படித்த பிள்ளைகளை விட நன்றாகச் செய்தார்கள்.

சேலத்துத் தம்பி இதை ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் பக்கமும் ஆதாரம் இருக்கிறது. யாஸ்மீன் லுக்மானி பம்பாயில் மராத்தி பேசும் பள்ளி மாணவிகளிடம் இதே விஷயத்தைப் பார்த்து 1972ல் எழுதினார். அந்தப் பெண்களுக்கு ஆங்கிலம் பேசுவோரோடு ஒட்டிக்கொள்ளும் ஆசை பெரிதாக இல்லை. நல்ல வேலை, நல்ல நிலை, அதற்கு ஆங்கிலம் வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு வலுவாக இருந்ததோ அவர்களுடைய ஆங்கிலம்தான் மேலாக இருந்தது. அதே ஆண்டு கார்ட்னரும் லாம்பர்ட்டும் வெளியிட்ட புத்தகத்திலும் பிலிப்பைன்ஸ் மாணவர்களிடம் பயன் கருதிய ஆர்வத்துக்கு அதிக இடம் இருந்தது. ஆக, எந்த ஆர்வம் வேலை செய்யும் என்பதையே அந்த ஊரில் அந்த மொழிக்கு என்ன இடம் என்பதுதான் முடிவு செய்கிறது. ஒருவருடைய பைக்குள் சில்லறை எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவது மாதிரி ஆர்வத்தை எண்ண முடியாது.

லாம்பர்ட் குழு 1960ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு உண்டு, அதைத்தான் நான் மாணவிகளுக்கு மறக்காமல் சொல்வேன். இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிற சிலரை வைத்து ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். கேட்பவர்களுக்கு இது ஒரே ஆள் என்று தெரியாது, வேறு வேறு ஆள் என்றே நினைத்தார்கள். குரலைக் கேட்டு ஆளைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று கேட்டால், அதே மனிதர் ஆங்கிலம் பேசும்போது அறிவாளியாக, நம்பத் தகுந்தவராக, உயரமானவராகக்கூடத் தெரிந்தார். ஆங்கிலக்காரர்கள் அப்படிச் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். பிரெஞ்சு மாணவர்களும் தங்கள் மொழிக் குரலுக்குக் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள், ஆங்கிலக்காரர்களை விடவும் தாராளமாகக் குறைத்துப் போட்டார்கள்.

அந்தக் காலத்து மாண்ட்ரியலில் முதலாளிகளின் மொழி ஆங்கிலம். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் போட்டார்கள், ஏனென்றால் யார் மேலே இருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால்தான் 1977ல் சட்டம் 101 வந்தது, குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று ஆனது. சட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்துவிட்டது. உங்கள் அக்கா மாதிரி வளர்ந்த பிறகு வந்தவர்களுக்கு வகுப்பைக் கொடுத்தது, பேச்சுத்துணையைக் கொடுக்கவில்லை.

வடலி (மொன்றியல்)

டீச்சர், நன்றி. இங்கே இருந்தும் இதில் பாதி எனக்குத் தெரியாது.

இங்கே கடைகளில் "பொன்ஜூர்-ஹாய்" என்று இரண்டையும் சேர்த்து வரவேற்பார்கள், பதில் எந்த மொழியில் வருகிறதோ அதில் தொடர்வார்கள். 2017ல் கியூபெக் சட்டசபையே கூடி, வெறும் "பொன்ஜூர்" சொல்லுங்கள் என்று வியாபாரிகளைக் கேட்டுத் தீர்மானம் போட்டது, ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பிறகு 2022ல் சட்டம் 96 வந்து, குடியேறி ஆறு மாதம் ஆனதும் சில விலக்குகள் தவிர அரசாங்கம் பிரெஞ்சில்தான் தொடர்புகொள்ளும் என்றார்கள். சரி, அவர்கள் மொழியைக் காப்பாற்ற அவர்கள் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன், நாங்களும் மொழிக்காக நிறைய இழந்த சனம்தானே. ஆனால் பிரெஞ்சு படி படி என்று கடிதம் மேல் கடிதம் வருகிற ஊரில், படித்துவிட்டுப் போய் ஒருவர் பேசினால் உச்சரிப்பைக் கேட்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அக்காவுக்கு அதிலிருந்து என்ன விளங்கும்? உன் பிரெஞ்சு போதாது என்றுதான் விளங்கும்.

சேலத்து அண்ணா, நீங்கள் சொன்ன கட்டாயத்தைப் பற்றி யோசித்தேன். உங்கள் நோயாளிக்கு உங்களை விட்டால் வேறு வழி இல்லை, அதனால் அவரும் இரண்டாம் முறை சொன்னார், நீங்களும் இரண்டாம் முறை கேட்டீர்கள். அக்காவுக்கு எதிரே நிற்பவருக்கு வேறு வழி இருக்கிறது. அதுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

வீட்டிலும் ஒன்று உண்டு. மகனுக்கு பிரெஞ்சு தண்ணி மாதிரி வரும். அக்கா வீட்டில் ஒரு வசனம் சொல்லிப் பார்த்தால் அவனும் தங்கச்சியும் சிரிப்பார்கள், பிறகு திருத்துவார்கள். அன்பாகத்தான். ஆனால் பள்ளிக்கூடத்து அறிக்கையை மகன் வாசித்துத் தாய்க்கு விளங்கப்படுத்துகிற வீட்டில், தாய்க்கு அந்த மொழியில் பிழை விட்டுப் பழக எங்கே இடம்?

மழைக்குருவி

வடலி அண்ணா, நான் இங்கேயே பிறந்து சட்டம் 101 பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. பிள்ளைகள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். பள்ளி முற்றத்தில் பிரெஞ்சில் கதையுங்கள் என்று டீச்சர்மார் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், ரொறன்ரோ மச்சாள்மார் வந்தால் ஆங்கிலம், வீட்டில் தமிழ். நாங்கள் மூன்றையும் கலந்து கதைப்போம், யாரும் மார்க் போடவில்லை, அதனால் பயம் இல்லை. பெரியவர்களுக்கு அந்த வசதி கிடைப்பதில்லை.

ஆனால் என் அம்மாவுக்கு பிரெஞ்சு வந்தது, எப்படி என்று சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். வகுப்புக்கெல்லாம் போகவில்லை, ஷபனெல் தெருவில் உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. பக்கத்து மெசினில் ஒரு ஹெய்ட்டிக்கார அன்ரி, அந்தப் பக்கம் ஒரு போர்த்துக்கீசக்காரி. அன்ரிக்கு வீட்டில் அவர்கள் நாட்டு மொழியான கிரியோல், ஆனால் பிரெஞ்சு நன்றாக வரும், ஆங்கிலம் தெரியாது. போர்த்துக்கீசக்காரிக்கும் ஆங்கிலம் தெரியாது. அம்மாவுக்குத் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும். மூன்று பேருக்கும் பொதுவாக மிஞ்சியது பிரெஞ்சு மட்டும். நூல் முடிந்துவிட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல், மேற்பார்வையாளர் வருகிறார், எல்லாம் அதில்தான். அம்மா இன்றைக்கும் சொற்களைக் கொஞ்சம் ஹெய்ட்டிக்காரர் மாதிரித்தான் இழுப்பார். வினையை ஒழுங்காகப் போடமாட்டார், ஆனால் யாரோடும் கதைப்பார், வங்கியில் சண்டை பிடிப்பதும் பிரெஞ்சில்தான்.

அங்கே யாரும் அம்மாவைத் திருத்தவில்லை, யாரும் ஆங்கிலத்துக்கு மாறவும் முடியாது. பிரெஞ்சு என்றால் பிரெஞ்சுக்காரரோடுதான் பழக வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? இந்த ஊரில் அரபு நாட்டுக்காரர், ஹெய்ட்டிக்காரர், தென்னமெரிக்கர், வியட்நாம்காரர் எல்லோரும் பிரெஞ்சில்தானே சந்திக்கிறார்கள்.

சேலத்துக்காரன் (ஸ்டுட்கார்ட்)

மழைக்குருவி சொன்னது அருமை. ஆனால் ஒரு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். எல்லாப் பழியையும் எதிரே நிற்பவர் மேலேயும் ஊர் மேலேயும் போட்டால் படிக்கிறவர் கையில் என்ன மிச்சம் இருக்கும்? என்னோடு வந்தவர்களில், வேலைக்கு வெளியே தமிழ் ஆட்களோடு மட்டும் இருந்துவிட்டு, சமையல் முதல் சினிமா வரை எல்லாம் தமிழிலேயே நடத்திவிட்டு, இவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சேர்த்துக்கொள்ளாததும் உண்மை, நானே பட்டிருக்கிறேன். ஒரு நோயாளியின் மகன் என் எதிரிலேயே வேறு நர்ஸ் வேண்டும் என்று கேட்டார். அன்று இரவு பையைக் கட்டி ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. மறுநாள் டியூட்டிக்குப் போனேன். போனதால்தான் இன்று அதே வார்டில் புதிதாக வருகிறவர்களுக்கு, டியூட்டி மாறும்போது நோயாளிகளின் விவரத்தை ஒப்படைக்கிற ஹேண்டோவரை நான் சொல்லிக்கொடுக்கிறேன். முயற்சி என்ற ஒன்றையும் கணக்கில் வையுங்கள் டீச்சர்.

பாளை டீச்சர்

வைக்கிறேன் தம்பி, நிச்சயமாக. உங்களுக்கு நடந்தது கொடுமை, அதைத் தாண்டி நீங்கள் நின்றதைச் சின்னதாக நான் பேச மாட்டேன்.

நீங்கள் சொல்வதற்கு ஆதரவாகவே ஒரு ஆளைக் காட்டுகிறேன். ஹவாயில் குடியேறிய ஒரு ஜப்பானிய ஓவியர், ஆய்வில் வெஸ் என்று பெயர். ரிச்சர்ட் ஷ்மிட் என்பவர் அவரை மூன்று ஆண்டு கவனித்து 1983ல் எழுதினார். வெஸ்ஸுக்கு ஆங்கிலம் பேசும் நண்பர்கள் ஏராளம், கூச்சமே கிடையாது, எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். அப்படியும் மூன்று ஆண்டில் இலக்கணம் அவ்வளவாக நகரவில்லை, பன்மை விகுதி, இறந்தகால விகுதி எல்லாம் பெரும்பாலும் விட்டுப்போகும். பேச்சுத் துணை மட்டும் போதும் என்றால் அவருக்கு எல்லாம் வந்திருக்க வேண்டும். உட்கார்ந்து கவனித்துப் படிப்பதற்கு ஒரு இடம் இருக்கத்தான் செய்கிறது. மழைக்குருவியின் அம்மா கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் வடலியின் அக்காவிடம் அந்தப் பாதி ஏற்கெனவே இருக்கிறதே. அவர் படிக்கிறார். இல்லாதது மற்றப் பாதி.

அந்தப் பாதியைப் பற்றிக் கனடாவிலேயே பானி நார்ட்டன் ஆய்வு செய்து 1995ல் எழுதினார். ஒண்டாரியோவில் ஆங்கிலம் கற்ற, வேறு நாடுகளிலிருந்து வந்த ஐந்து பெண்களின் அனுபவம். அதில் மார்ட்டினா என்று பெயர் மாற்றிச் சொல்லப்படுகிற செக் நாட்டுப் பெண், ஒரு துரித உணவுக்கடையில் வேலை பார்த்தார். கூட வேலை செய்த சின்னப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டு எல்லா வேலையையும் இவர் தலையில் கட்டினார்கள், தன்னைத் துடைப்பம் மாதிரி நினைத்தார்கள் என்று அவரே சொல்கிறார். வேலைக்காரியாக நின்றவரை அவருக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் அவர்களில் ஒருத்தியைப் பார்த்து, இந்தப் பெண் என் மகனை விடச் சின்னவள், இவளுக்கு நான் தாய் ஸ்தானம் என்று எண்ணினார். உடனே, நீ ஒன்றும் செய்யவில்லை, போய் மேசையைத் துடை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அதே அரைகுறை ஆங்கிலம்தான். யாராக நின்று பேசுகிறோம் என்பது மாறியது.

வடலி, உங்கள் அக்கா அந்த பேக்கரியில் யாராக நின்றார்? வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது பரீட்சை எழுதுகிற மாணவியாக. அவர் எதில் கெட்டிக்காரர், எதைப் பற்றி அவரிடம் நாலு பேர் கேட்டு வருவார்கள்? அந்த இடத்தில் பிரெஞ்சைக் கொண்டுபோய் வைக்க முடியுமா பாருங்கள். சோல்டன் டோர்னியே என்ற ஹங்கேரியர் 2005ல் தொடங்கி எழுதியதும் இதை ஒட்டியதுதான். நாளைக்கு இந்த மொழி பேசுகிற நான் எப்படி இருப்பேன் என்று ஒருவர் மனதில் ஓடுகிற படம் ஒரு வகை இழுப்பு. மற்றவர் எதிர்பார்ப்புக்காக, அரசாங்கத்துக்காக, புருஷன் வாய்க்காக ஆக வேண்டிய ஆள் இன்னொரு வகை. அக்காவுக்கு இரண்டாவது நிறையக் கிடைத்திருக்கிறது, அத்தானே தினமும் கொடுக்கிறார்.

வடலி (மொன்றியல்)

இதை வாசித்துவிட்டு நேற்று அக்கா வீட்டுக்குப் போய்க் கதைத்தேன். அத்தானும் இருந்தார். மருந்துக்கடைக் கதையை எடுக்கவில்லை. பிரெஞ்சு வந்தால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன். அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை, குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலைக்குப் போவேன் என்றார். ஊரில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவர், சின்னப் பிள்ளைகள் என்றால் உயிர். இது அத்தானுக்கே புதுச் செய்தி. இவ்வளவு வருசமாக யாரும் கேட்கவில்லை, எல்லோரும் வகுப்பு எப்படி, எத்தனையாம் நிலை என்றுதான் கேட்டிருக்கிறோம்.

பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறார்கள், உதவிக்கு ஆள் தேடுவதாகப் பலகையில் போட்டிருந்தார்கள். மூன்று நாலு வயதுப் பிள்ளை ஆங்கிலத்துக்கு மாறாது, ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கும். அக்காவுக்குச் சொன்னேன், முதலில் வேண்டாம் என்றார், பிறகு அந்தக் கதைப் புத்தகங்களை எடுத்து வரச் சொன்னார், வீட்டில் வாசித்துப் பார்க்கவாம். பிள்ளைகள் இருவரிடமும் தனியாகச் சொல்லிவிட்டேன், அம்மா வாசிக்கும்போது கேட்டால் மட்டும் திருத்துங்கள் என்று.

மழைக்குருவி தங்கச்சி, உங்கள் அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்வீர்களா? ஒருவர் ஆங்கிலத்துக்கு மாறினால் அம்மா என்ன செய்வார்?

மழைக்குருவி

கேட்டேன் அண்ணா. அம்மா பிரெஞ்சிலேயே தொடருவாராம், அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னாலும். நாலைந்து வசனத்துக்குப் பிறகு அவர்களே திரும்பி வந்துவிடுவார்களாம். வராவிட்டால், நான் பிரெஞ்சு படிக்கிறேன், தயவுசெய்து என்னோடு பிரெஞ்சில் கதையுங்கள் என்று நேராகச் சொல்லச் சொன்னார். அந்த வசனத்தை அக்காவுக்கு முதலில் பாடமாக்கிக் கொடுங்களாம். அம்மாவுக்கு உங்கள் அக்காவைப் பார்க்க வேணுமாம். ஞாயிறு பின்னேரம் நாங்கள் வீட்டில்தான் இருப்போம், ஹெய்ட்டி அன்ரியும் வருவார். நம்பரைத் தனிமடலில் அனுப்புகிறேன், அத்தானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.